தலைவர் 4

என் ஆய்வேட்டில் அந்த அம்மாவுக்கு நான் வைத்திருக்கிற பெயர் ‘தலைவர் 4’. மதுரை மாவட்டத்தில் ஒரு தனி ஊராட்சி. அதற்கு அவர் ஐந்து வருஷம் தலைவராக இருந்தார். ஊர்ப் பெயரும் ஆய்வேட்டில் கிடையாது. ‘ஊராட்சி ஈ’ என்றுதான் இருக்கும். இப்படிப் பெயரை மறைத்து எழுதுவதுதான் முறை என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். நானும் முறைப்படியே எழுதினேன். பட்டமும் வாங்கிவிட்டேன். ஆனால் அந்த அம்மா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “ஏந்தாயி, எம்பேரு அந்தப் புத்தகத்துல வருமா?”

அந்தக் கேள்விக்கு நான் என்ன செய்தேன், என்ன செய்யாமல் விட்டேன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். இப்போது நம் பிள்ளைகள் பலர் ஆய்வுப் படிப்புக்கு வருகிறார்கள். படிவத்தைத் தூக்கிக்கொண்டு நம் சேரிகளுக்கே திரும்பப் போகிறார்கள். அவர்களோடு பேச வேண்டியிருக்கிறது.

நான் படித்தது எம்.ஏ. தமிழ். மேலூர்ப் பக்கத்துச் சேரியில் பிறந்தவள். படிப்பு முடிந்து ஏழெட்டு வருஷம் இயக்க வேலை. வழக்கு, மனு, துண்டறிக்கை, உண்மை அறியும் குழு என்று அலைந்தேன். உண்மை அறியும் குழுவுக்கு அறிக்கை எழுதி எழுதித்தான் எனக்கு உரைநடையே வந்தது. அந்த அறிக்கைகளைப் பத்திரிகைக்காரர்கள் புரட்டிப் பார்த்துவிட்டு, “ஒரு தரப்பா இருக்கேம்மா” என்பார்கள். பல்கலைக்கழக முத்திரை விழுந்தால் இதே விஷயம் ‘தரவு’ ஆகிவிடும் என்று தோழர் ஒருவர் சொன்னார். அந்த ஆசையில்தான் 2019இல் ஒரு பல்கலைக்கழகத்தின் அரசியல் அறிவியல் துறையில் ஆய்வுக்குச் சேர்ந்தேன்.

முதலில் இரண்டு தாள் படித்துத் தேர்வு எழுத வேண்டும். ஒன்று மாநில அரசியல். இன்னொன்று சமூக ஆய்வு முறைகள்.

மாநில அரசியல் தாள் 1916இல் நீதிக்கட்சியில் தொடங்கும். 1967இல் தி.மு.க. ஆட்சிக்கு வந்ததைப் பேசும். பிறகு கூட்டணிக் கணக்கு. 1893இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கிய ரெட்டமலை சீனிவாசன் அந்தப் பாடத்தில் இல்லை. 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ தொடங்கிய அயோத்திதாசரும் இல்லை. உள்ளாட்சி ஒரே வகுப்பில் முடிந்தது. அரசியல் சட்டத்தின் 73ஆவது திருத்தம், 1994ஆம் வருஷத்துத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், மூன்றடுக்கு, இடஒதுக்கீடு. கரும்பலகையில் மூன்று கட்டம் போட்டு அம்புக்குறி வரைந்தார்கள். 1997 ஜூன் 30 எந்தக் கட்டத்திலும் இல்லை.

அன்றைக்கு எனக்கு ஒன்பது வயது. மேலவளவு தனி ஊராட்சி ஆனது. முருகேசன் நின்றார், ஜெயித்தார். அதுதான் அவர் செய்த குற்றம். மதுரைக்குப் போய்விட்டுத் திரும்புகிற வழியில் பேருந்தை மறித்து அவரையும் அவரோடு வந்தவர்களையும் வெட்டிக் கொன்றார்கள். எங்கள் தெருவில் அன்று ராத்திரி யாரும் விளக்குப் போடவில்லை. அப்பா வாசலில் குத்துக்கால் வைத்து விடிய விடிய உட்கார்ந்திருந்தார். மறுநாள் அம்மாவிடம், “எலெக்சன்ல நிக்கப் போறேன்னு நம்ம தெருவுல எவனாச்சும் சொன்னா மொத ஆளா நாந்தான் கால ஒடிப்பேன்” என்றார். எனக்குக் கிடைத்த உள்ளாட்சிப் பாடம் அது. அந்த வழக்கில் ஆயுள் தண்டனை பெற்ற பதின்மூன்று பேரை 2019 நவம்பரில் விடுதலை செய்தார்கள். நான் படிப்பில் சேர்ந்த அதே வருஷம்.

மேலவளவில் ஜெயித்தவரைக் கொன்றார்கள் என்றால், பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்துக் கொட்டக்கச்சியேந்தல் ஆகிய ஊர்களில் வேறு வழி கண்டுபிடித்தார்கள். 1996 தொடங்கிப் பத்து வருஷம் அங்கே தனி ஊராட்சித் தலைவர் என்று ஒருவர் உட்கார முடியவில்லை. ஒன்று, யாரும் மனுப் போட மாட்டார்கள். இல்லையென்றால் ஊர் நிறுத்தின ஆள் ஜெயித்து, பதவியேற்ற கையோடு ராஜினாமா எழுதிக் கொடுப்பார். 2006 அக்டோபரில்தான் அங்கே முறையாகத் தேர்தல் நடந்தது. அதற்குப் பிறகு என்ன ஆனது? ராஜினாமா இல்லாமல், வெட்டு இல்லாமல், தலைவர் நாற்காலியை எப்படிக் காலியாகவே வைத்திருக்கிறார்கள்? இதுதான் நான் எடுத்துக்கொண்ட தலைப்பு. 2019 டிசம்பரில் தேர்தல் நடந்து, தனி ஊராட்சிகளில் தலைவரான பெண்களைப் பற்றியது.

தலைப்பைச் சொன்னதும் என் நெறியாளர் யோசித்தார். கெட்டவர் இல்லை அவர். “நல்ல தலைப்புதாம்மா. ஆனா நீங்களும் அந்தச் சமூகம். அந்த மாவட்டம். சார்பு வந்துரும். வேற மாவட்டம் எடுத்துக்கலாமே” என்றார். என் கூடப் படித்த ஒருவர் தன் சொந்த ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தைத்தான் ஆய்வு செய்தார். அவருடைய பெரியப்பாதான் அந்தச் சங்கத்துத் தலைவர். அவரை யாரும் சார்பு பற்றிக் கேட்கவில்லை. தகவல் கிடைப்பது சுலபம் என்று பாராட்டினார்கள். அவருக்கு ‘உள்ளூர்த் தொடர்பு’, எனக்குச் ‘சார்பு’.

நூலகத்தில் போய் உட்கார்ந்து ஆய்வு முறைகளின் வரலாற்றைத் தோண்டினேன். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், 1916இல் தன் மாணவர்களிடம் வினாநிரலைக் கொடுத்து, அவரவர் ஊரைப் படித்து வரச் சொன்னார். இருவேல்பட்டு, வடமலைபுரம், கங்கைகொண்டான், பாலக்குறிச்சி, தூசி என்று ஊர்ப் பெயரோடு 1918இல் அது புத்தகமாக வந்தது. நம் நாட்டுக் கிராம ஆய்வு என்பதே சொந்த ஊரைப் பற்றி எழுதியதில்தான் தொடங்கியிருக்கிறது. அந்தப் பக்கத்தை நகலெடுத்து நெறியாளரிடம் கொடுத்தேன். வாசித்துவிட்டுச் சிரித்தார். “சரிம்மா, உங்க மாவட்டத்தையே எடுங்க” என்றார்.

அதே 1916இல் இன்னொன்றும் நடந்தது. மே மாதம் நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்து மானிடவியல் கருத்தரங்கில், 25 வயது மாணவர் ஒருவர் சாதியின் தோற்றம் பற்றிக் கட்டுரை படித்தார். அம்பேத்கர். அவர் தரவு கொடுக்கப் போகவில்லை, கோட்பாடு சொல்லப் போனார். அதற்கு 86 வருஷம் கழித்து, 2002இல் கோபால் குரு ஒரு கட்டுரை எழுத வேண்டியிருந்தது. இந்தியச் சமூக அறிவியலில் கோட்பாடு சொல்லும் உரிமை ஒரு கூட்டத்திடமும், தகவல் திரட்டும் வேலை இன்னொரு கூட்டத்திடமும் இருக்கிறது என்பது அதன் சாரம். இது வேலைப் பிரிவினை இல்லை, வேலை செய்பவர்களின் பிரிவினை. அம்பேத்கர் சாதியைப் பற்றிச் சொன்னது ஆய்வுத் துறைக்கும் அப்படியே பொருந்துகிறது.

வகுப்பில் எல்லோரும் போற்றிப் படிக்கிற கிராம ஆய்வுகள் சில உண்டு. ஆந்த்ரே பெத்தேய் 1965இல் வெளியிட்ட தஞ்சாவூர்க் கிராமம் பற்றிய நூல் அதில் ஒன்று. அவர் தங்கியிருந்தது அக்ரகாரத்தில். அதனால் ஊரார் தன்னை அக்ரகாரத்து ஆளாகவே பார்த்தார்கள், ஆதிதிராவிடர் தெருவுக்குள் இயல்பாகப் போய்வர முடியவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். ஒளிக்காமல் சொன்னது நேர்மைதான். ஆனால் எந்த வாத்தியாரும் அவரைச் சார்புள்ளவர் என்று சொல்லி நான் கேட்டதில்லை. அக்ரகாரத்துத் திண்ணையிலிருந்து பார்த்தால் அது சமூகவியல். சேரியிலிருந்து பார்த்தால் ஒரு தரப்பு. சேரியிலிருந்து பார்த்தால் சாதி அமைப்பே தலைகீழாகத் தெரியும் என்று ஜோன் மென்சர் 1974இல், செங்கல்பட்டுப் பக்கத்துக் கூலிகளோடு பேசி எழுதினார். அது எங்கள் வாசிப்புப் பட்டியலில் இல்லை.

பெத்தேய் எழுதிய கிராமத்தின் பெயர் ‘ஸ்ரீபுரம்’. அப்படி ஒரு ஊர் வரைபடத்தில் இல்லை. கேத்லீன் கஃப் எழுதிய ‘கும்பபேட்டை’யும் வைத்த பெயர்தான். எம்.என். ஸ்ரீநிவாஸ் எழுதிய ‘ராம்புரா’வும் அப்படியே. இதை வகுப்பில் கேட்டபோது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பின்னால்தான் உறைத்தது.

கொரோனா முடிந்து 2021 கடைசியில் களத்துக்குப் போனேன். கையில் படிவம். அதில் ஐந்து புள்ளி அளவுகோல். ‘ஊராட்சி முடிவுகளை நான் சுதந்திரமாக எடுக்கிறேன்’ என்று ஒரு வாக்கியம். எதிரே முழுதும் உடன்படுகிறேன் என்பதிலிருந்து சிறிதும் உடன்படவில்லை என்பது வரை ஐந்து கட்டம். ஒன்றில் டிக் அடிக்க வேண்டும்.

முதல் ஊரில் தலைவர் வீட்டு வாசலில் உட்கார்ந்து கேட்டேன். பத்து நிமிஷத்தில் ஒரு பைக் வந்து நின்றது. துணைத் தலைவர். அவரை யாரும் கூப்பிடவில்லை. யாரோ ஒரு பொம்பளை நோட்டோடு வந்திருக்கிறாள் என்று தகவல் போயிருக்கிறது. வண்டியை விட்டு இறங்காமல், ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி நின்றார். அந்தத் தலைவர் எல்லாக் கேள்விக்கும், “ஆமா, சுதந்திரமாத்தான் செய்யுறேன்” என்றார். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, பைக்கைப் பார்த்தார். படிவத்தில் பைக்குக்குக் கட்டம் இல்லை. அந்தத் தாளைக் கணினியில் ஏற்றியிருந்தால் அந்த ஊராட்சியில் சமத்துவம் பூத்துக் குலுங்குகிறது என்று வந்திருக்கும்.

இரண்டாவது ஊரிலும் அப்படியே ஆனது. படிவத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு யோசித்தேன். இயக்கத்தில் உண்மை அறியும் குழுவுக்குப் போகும்போது நாங்கள் யாரிடமும் ‘நீங்கள் ஒடுக்கப்படுகிறீர்களா’ என்று கேட்டதில்லை. ‘டீக்கடையில் கிளாஸ் எங்கே இருக்கிறது’ என்றுதான் கேட்போம். 2020 ஆகஸ்டு 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் தலித் பெண் தலைவரைக் கொடியேற்ற விடவில்லை. அதே வருஷம் அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலைவரைத் தரையில் உட்கார வைத்த படம் வெளியே வந்தது. அதற்குப் பிறகுதான் அரசாங்கம் அசைந்தது. கருத்தைக் கேட்டால் பயம் பதில் சொல்லும். பொருளைக் கேட்டால் பொருளே பதில் சொல்லும். நாற்காலி, கொடிக்கயிறு, சாவி.

கேள்விகளை மாற்றினேன். ஊராட்சி ஆபீஸ் சாவி யாரிடம் இருக்கிறது? தீர்மான நோட்டு ராத்திரி யார் வீட்டில் இருக்கும்? காசோலையில் முதல் கையெழுத்து யாருடையது? கையெழுத்துப் போடும்போது தொகை எழுதியிருக்குமா? தமிழ்நாட்டில் ஊராட்சிக் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுப்பார்கள். அந்தப் பதவிக்குத் தனி ஒதுக்கீடு கிடையாது. தலைவர் பதவி சேரிக்கு வந்தால் துணைத் தலைவர் பதவிக்கு ஊருக்குள் போட்டி நடக்கும். ஏன் என்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும்.

கேட்கிற இடத்தையும் மாற்றினேன். வாசல் வேண்டாம். நூறு நாள் வேலை நடந்த கண்மாய்க்கரை, ரேசன் கடை வரிசை, பஸ் ஸ்டாப். கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்து பேசினால் எந்தப் பைக்கும் வராது. கடைசியாக ஒரு கேள்வி சேர்த்தேன். “உங்கள ஊருக்குள்ள என்ன சொல்லிக் கூப்புடுறாக?”

அந்தக் கடைசிக் கேள்விதான் என்னைத் தலைவர் 4இடம் மாட்டிவிட்டது.

அவருக்கு ஐம்பது வயதுக்கு மேல். கணவர் இல்லை. மகன் டிராக்டர் ஓட்டுகிறான். அந்த டிராக்டர் துணைத் தலைவருடையது. தேர்தல் வந்தபோது, ‘நம்ம தோட்டத்தில் வேலை பார்க்கிறவள், சொன்னால் கேட்பாள்’ என்று ஊர்க்காரர்களே நிறுத்தி ஜெயிக்க வைத்தார்கள். கையெழுத்து மட்டும் போடுவார். முதல் நாள் பார்த்ததும், “எந்த ஊரு தாயி, யாரு மக?” என்று கேட்டு, எங்கள் அம்மா பிறந்த ஊரில் முறை கண்டுபிடித்துவிட்டார். அதிலிருந்து எனக்கு அவர் சின்னம்மா. ஆய்வு முறைப் புத்தகத்தில் இதற்கு ‘நல்லுறவை ஏற்படுத்துதல்’ என்று ஒரு அத்தியாயமே இருக்கிறது. எங்களுக்கு அரை நிமிஷம் ஆனது.

கண்மாய்க்கரையில் கருவேல மர நிழலில் தூக்குச்சட்டியைத் திறந்தபடி சொன்னார்.

“பேரச் சொல்லி யாரு தாயி கூப்புடுறா? கல்யாணம் ஆகுற மட்டும் ஏ புள்ள. அப்புறம் இன்னாரு பொண்டாட்டி. ஊருக்குள்ள போனா ஏ காலனி. பெரசிரெண்டு ஆனப்பெறகுதான் போர்டுல எம்பேர எழுதுனாக. அந்த போர்டு ஆபீசுல மாட்டிருக்கு. நா அங்குட்டுப் போறதில்ல. நோட்டு வீட்டுக்கு வரும், கையெழுத்துப் போடுவேன். பேரன்தான் போய் போர்டப் பாத்துட்டு வந்தான். ‘அப்பத்தா, ஒம்பேரு தப்பா எழுதிருக்கு’ன்னான். ஒரு எழுத்து மாறிப்போச்சாம்.”

“திருத்தச் சொல்லலயா சின்னம்மா?”

“யாருகிட்டச் சொல்ல?”

பிறகுதான் அந்தக் கேள்வி. “ஏந்தாயி, எம்பேரு அந்தப் புத்தகத்துல வருமா? தப்பில்லாமப் போடுவியா?”

என் பையில் ஒப்புதல் படிவம் இருந்தது. பேட்டி தருபவருக்கு வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். ‘உங்கள் பெயரோ ஊரோ எந்த இடத்திலும் வெளியிடப்பட மாட்டாது என்று உறுதியளிக்கிறோம்’ என்று வாசித்தேன். அது அவருக்கு நாங்கள் தருகிற பாதுகாப்பு. சின்னம்மா கையில் எடுத்த சோற்றை அப்படியே வைத்துக்கொண்டு கேட்டார். “வெளியிட மாட்டீகளா?” அந்தக் குரலை எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது?

ராத்திரி தூக்கம் வரவில்லை. தமிழ் படித்தவளுக்கு இந்த விதி புதிது இல்லை. அகப்பாட்டில் தலைவன் தலைவி பெயரைச் சொல்லக் கூடாது, சொன்னால் அது அகமாகாது என்று தொல்காப்பியத்தில் விதி இருக்கிறது. பெயர் வந்தால் புறம். போர், கொடை, நடுகல் எல்லாம் புறம். நடுகல்லில் பெயர் வெட்டுவார்கள். ஊராட்சி என்பது புறம்தானே? காசோலை, கொடி, தீர்மானம் எல்லாம் புறம்தானே? அதில் ஒரு பெண் தலைவராக வந்த பிறகும் அவளைப் பெயரில்லாத தலைவியாக அகத்துக்குள்ளேயே வைத்துப் பூட்டுகிறோம். வெளியே பாதுகாப்பு என்று எழுதி ஒட்டுகிறோம்.

பெயரை மறைத்தால் இன்னொரு ஆளுக்கும் பாதுகாப்புக் கிடைக்கிறது. சாவியை வைத்திருக்கிறவன், வெற்றுக் காசோலையில் கையெழுத்து வாங்குகிறவன், அவனும் ‘துணைத் தலைவர் 4’ ஆகிவிடுகிறான். அவனிடம் நாம் ஒப்புதல் வாங்கவில்லை, அவன் கேட்கவும் இல்லை. ஆனாலும் மறைப்பு அவனுக்கும் சேர்ந்து போகிறது. ஊரும் ‘ஊராட்சி ஈ’ ஆகி மானம் காத்துக்கொள்கிறது. உண்மை அறியும் குழு அறிக்கையில் நாங்கள் பெயர் போடுவோம். பாதிக்கப்பட்டவர் பெயர், செய்தவர் பெயர், புகாரை வாங்க மறுத்த காவல் நிலையத்தின் பெயர். அங்கே பெயர்தான் பாதுகாப்பு. நாலு பேருக்குத் தெரிந்துவிட்டால் கை வைக்கப் பயப்படுவான். ஆய்வேட்டில் இது நேர்மாறாக இருக்கிறது. எது சரி?

நெறியாளரிடம் கேட்டேன். “அந்தம்மா கேக்குறாங்கங்கறது சரி. நாளைக்கு அவங்களுக்கு ஒண்ணுன்னா நீங்க போய் நிப்பீங்களா? பட்டம் வாங்கிட்டுப் போயிருவீங்க. அவங்க அங்கதானே இருக்கணும்?” என்றார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் பதில் வரவில்லை. அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. மேலவளவுக்குப் பக்கத்தில் பிறந்த எனக்கு அதை இன்னொருவர் சொல்ல வேண்டியிருந்தது பற்றி வெட்கமாகவும் இருந்தது. அவர் பெயர் புத்தகத்தில் வர வேண்டும் என்று நான் துடித்தது அவருக்காகவா, துணிச்சலான ஆய்வு என்று நாலு பேர் என்னைச் சொல்லட்டும் என்பதற்காகவா? இரண்டும் கலந்துதான் இருந்தது. மறைக்க ஒன்றும் இல்லை.

திரும்பப் போனேன். பெயர் போட்டால் என்ன ஆகலாம், போடாவிட்டால் என்ன ஆகும், இரண்டையும் சின்னம்மாவிடம் சொன்னேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். “மகன் அவுக வண்டியிலதான் தாயி போறான். பதவி முடியிற மட்டும் வேணாம். அப்புறம் பாக்கலாம்” என்றார். அவ்வளவுதான். முடிவு அவருடையது. வேண்டும் என்று கேட்டதும் அவர், இப்போது வேண்டாம் என்று சொன்னதும் அவர். விதி அவரைக் கேட்கவே இல்லை என்பதுதான் என் வழக்கு. விதி தப்பு என்று நான் சொல்லவில்லை.

2024இல் வாய்மொழித் தேர்வு. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கேட்டார். “தலைவர் 4 சொன்னதுன்னு நிறைய மேற்கோள் காட்டுறீங்க. பேரில்ல, ஊரில்ல. இத எப்படிச் சரிபார்க்கிறது?” பெயரைப் போட்டால் அறமீறல், போடாவிட்டால் நம்ப முடியாது. ஸ்ரீபுரத்தைத் தேடி வரைபடத்தை யாரும் விரித்ததாகத் தெரியவில்லை. நான் சொன்னேன், “அவங்க சொன்னத மட்டும் எழுதலைங்க சார். ஆபீஸ் பூட்டியிருந்தப்போ சாவி எந்த வீட்லேர்ந்து வந்துச்சுன்னு ஏழு தடவ போய்ப் பாத்தேன். தேதி பின்னிணைப்புல இருக்கு.” அவர் பின்னிணைப்பைப் புரட்டினார். மேற்கொண்டு கேட்கவில்லை.

2025 ஜனவரி 5ஆம் தேதியோடு அந்தத் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்தது. தனி அலுவலர் பொறுப்புக்கு வந்தார். அதே மாதம் சின்னம்மா பேரனின் போனில் பேசினார். “தாயி, போர்டுல எம்பேர அழிச்சுட்டாகளாம். தப்பா எழுதுனதுதான், போகட்டும். அந்தப் புத்தகம் ஒண்ணு குடு.”

ஆய்வேட்டில் ஒரு பிரதியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கறுப்பு அட்டை, தங்க எழுத்து. மடியில் வைத்துத் தடவிப் பார்த்தார். “இதுல நா எங்க இருக்கேன்?” என்றார். நான்காம் இயலைத் திறந்து, ஆங்கிலத்தில் எழுதியிருந்ததைத் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். ஆமாம், அதையும் சொல்லியாக வேண்டும். எம்.ஏ. தமிழ் படித்த நான், தமிழில் பேசிய பெண்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஆய்வேடு எழுதினேன். அந்தத் துறையில் அதுதான் வழக்கம். சின்னம்மா பாதியில் நிறுத்தச் சொன்னார். “சாவி வெசயம் சரியா எழுதிருக்க. ஆனா நா ஒரு தடவ கையெழுத்துப் போட மாட்டேன்னு நோட்டத் திருப்பி அனுப்புனேனே, அது எங்க?” நான் தேடினேன். இல்லை. அதிகாரம் எப்படிப் பறிக்கப்படுகிறது என்பதுதான் என் தலைப்பு. அவர் மறுத்த ஒரு நாளுக்கு அதில் இடம் இருப்பதாக எனக்குத் தோன்றியிருக்கவில்லை. குறிப்பேட்டில் இருந்தது. ஆய்வேட்டில் இல்லை.

பெயரை விட்டதைவிடப் பெரிய பிழை அது. சேரியிலிருந்து பார்த்தவள் என்று பீற்றிக்கொண்ட நானும் அவரிடமிருந்து பறிபோனதை மட்டுமே பார்த்திருக்கிறேன்.

இப்போது ஆய்வுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது கொஞ்சம்தான். கருத்தைக் கேட்காதே, சாவி எங்கே இருக்கிறது என்று கேள். ஒப்புதல் படிவத்தில் பெயரை மறைக்கவா என்று ஒரு கட்டமும், பெயரைப் போடவா என்று ஒரு கட்டமும் வை. இரண்டின் விளைவையும் சொல், பிறகு அவரே டிக் அடிக்கட்டும். நடுவில் மனசு மாறினால் மாற்றிக்கொள்ளவும் வழி வை. எழுதி முடித்ததும், தேர்வாளருக்கு அனுப்புவதற்கு முன்னால், அவர் மொழியில் அவருக்கு வாசித்துக் காட்டு. நான் இரண்டு வருஷம் பிந்திப் போனேன். முந்திப் போயிருந்தால் அந்த ஒரு நாள் உள்ளே வந்திருக்கும்.

அன்று சாயங்காலம் பேரன் பேனாவை எடுத்தான். எட்டாம் வகுப்புப் படிக்கிறான். ‘தலைவர் 4’ என்று ஆங்கிலத்தில் இருந்த ஒவ்வோர் இடத்திலும், அதற்கு மேலே தமிழில் அப்பத்தா பெயரை எழுதினான். எழுத்துப்பிழை இல்லாமல். அந்த நோட்டைத் திருப்பி அனுப்பிய கதையைப் பின்னட்டையின் உள்பக்கத்தில் நான் எழுதினேன். சின்னம்மா அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டார்.

பல்கலைக்கழக நூலகத்துப் பிரதியில் அவர் இன்னும் தலைவர் 4தான். இந்தக் கட்டுரையில் பெயரைப் போடட்டுமா என்று போன வாரம் கேட்டேன். “மகன் இன்னும் அந்த வண்டியிலதான் தாயி போறான்” என்றார். போடவில்லை.